ஏ.சி.யில் கேஸ் போச்சா? கையில் காசு போச்சா?

வெயில் தலை காட்டியதும் சென்னை நகரில் இரண்டு வியாபாரம் சூடு பிடிக்கிறது. ஒன்று, இளநீர் நுங்கு. இன்னொன்று, ஏ.சி. சர்வீஸ்.

காலையில் பேப்பருக்குள் மடித்து ஒரு நோட்டீஸ் விழுகிறது. மத்தியானம் செல்போனில் ஒரு குரல் கூப்பிடுகிறது. "ஸ்பிளிட் ஏ.சி. வாட்டர் சர்வீஸ், சீசன் ஆபர் சார்!" சில நூறு ரூபாய்தானே என்று வீட்டுக்காரரும் சரி என்கிறார்.

ஆள் வருகிறார். மூடியைக் கழற்றுகிறார். பம்பு வைத்துத் தண்ணீர் அடிக்கிறார். பிறகு வெளியே இருக்கிற பெட்டியில் மீட்டரை மாட்டிப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

"கேஸ் சுத்தமா இல்லை சார். இப்படியே ஓட்டினா கம்ப்ரஸர் போயிடும்."

அவ்வளவுதான்! சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரம் ரூபாய் வேலையாகி விடுகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது பிள்ளையின் டியூஷன் பீஸ். சின்னக் கடைக்காரருக்கு அது பல நாள் லாபம்.

கேஸ் நிஜமாகவே போனதா? போனால் எந்த வழியாகப் போனது? இந்த இரண்டு கேள்வியையும் யாரும் கேட்பதில்லை. கேட்கத் தெரியாமல் இருப்பதுதான் இந்த வியாபாரத்துக்கு மூலதனம்.

பெயர் செய்த குழப்பம்

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'கேஸ்' என்ற பெயர்தான்.

சமையலறையில் ஒரு கேஸ் இருக்கிறது. அது எரிகிறது. மாதம் ஒன்றரை மாதத்தில் தீர்ந்து போகிறது. புது சிலிண்டர் வருகிறது. ஏ.சி. கேஸும் அப்படித்தான் ஓட ஓடத் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை 'கேஸ் அடிப்பது' வழக்கம் என்றே நம்புகிறவர்களும் உண்டு.

ஏ.சி. கேஸ் எரிவதில்லை. தீர்வதுமில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கிற காயிலில் சூட்டை வாங்குகிறது. வெளியே இருக்கிற காயிலில் அந்தச் சூட்டைக் கொட்டுகிறது. திரும்ப உள்ளே வருகிறது. பத்து வருஷம் ஓடினாலும் அதே கேஸ்தான். ஒன்றரை டன் மிஷினில் அது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னேதான் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கிற தகட்டிலேயே அச்சடித்திருக்கிறது.

ஆகவே கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிப்பது, சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டாமல் காற்று அடிப்பதற்குச் சமம். அடுத்த தெரு போவதற்குள் திரும்ப இறங்கும். அடுத்த சீசனில் அதே ஆள், அதே மீட்டர், அதே பேச்சு!

நஷ்டம் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல. இப்போது வருகிற மிஷின்கள் பலவற்றில் இருப்பது ஆர்-32 என்ற கேஸ். அது ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், 675 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமமான வெப்பத்தைப் பூமியில் தேக்குகிறது. பழைய மிஷின்களில் இருக்கிற ஆர்-22 ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. ஓட்டை மிஷினில் கேஸ் அடிப்பது காசைக் கொடுத்துச் சூட்டை வாங்குகிற வேலை.

தூசு செய்கிற வேலை

"அப்படியானால் மிஷின் ஏன் குளிரவில்லை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

பெரும்பாலும் காரணம் தூசு. உள்பெட்டியின் மூடியைத் தூக்கினால் ஒரு வலை இருக்கும். அதுதான் பில்டர். ரோட்டைத் தோண்டிப் போட்ட தெருவில், பஸ் போகிற ரோட்டில், ஜன்னல் திறந்திருக்கிற வீட்டில், அந்த வலை சீக்கிரமே கம்பளி மாதிரி ஆகிவிடும். காற்று உள்ளே போனால்தானே குளிர்ந்து வெளியே வரும்? வழி அடைத்துக் கொண்டால் காயில் மட்டும் அளவுக்கு மேல் குளிர்ந்து, அதன்மேல் ஐஸ் கட்டிக் கொள்ளும். ஐஸ் கட்டினால் காற்று இன்னும் குறையும். அறை புழுங்கும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கேஸ் குறைந்தாலும் காயிலில் ஐஸ் கட்டும். தூசு அடைத்தாலும் ஐஸ் கட்டும். நோய் இரண்டு, அறிகுறி ஒன்று. தூசுக்குச் செலவு ஒன்றுமில்லை. கேஸுக்குச் செலவு ஆயிரக்கணக்கில். கமிஷனுக்கு வேலை செய்கிறவர் எந்த நோயைச் சொல்வார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பில்டரைக் கழுவ மெக்கானிக் வேண்டியதில்லை. சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். வலையை உருவ வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, திரும்ப மாட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற வேலை. வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

பில்டர் அடைத்த மிஷின் கரண்டையும் குடிக்கிறது. அடைத்த பில்டரை மாற்றினாலே ஏ.சி.யின் மின் செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிற கணக்கு. யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுகிற நம்ம ஊர் கரண்டு பில்லில் அது சின்ன விஷயமில்லை.

பயம் விற்கிற பேச்சு

கேஸ் பேச்சு எடுபடாத வீட்டில் இன்னொரு பேச்சு வருகிறது. அது கிருமிப் பேச்சு.

"குழந்தை இருக்கிற வீடு மேடம். உள்ளே எவ்வளவு பாக்டீரியா தெரியுமா? கெமிக்கல் வாஷ் பண்ணிடுங்க" என்பார்கள். தாய் மனசு பதறும். கேட்ட காசு கைமாறும்.

ஏ.சி.யால் ஆள் செத்த கதையும் சொல்லப்படுகிறது. அந்தக் கதை பொய்யல்ல. 1976 ஜூலையில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகர ஓட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்தது. போனவர்களுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. அவர்களில் 29 பேர் மாண்டார்கள். மறு வருஷம் ஜனவரியில்தான் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார்கள். லெஜியனெல்லா என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் அந்தக் கிருமி வளர்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட இடம், பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தெளிக்கிற கோபுரம். வீட்டு ஏ.சி. தண்ணீரைக் கொண்டு காற்றைக் குளிர்விப்பதில்லை. ஆகவே வீட்டு ஏ.சி.யாலும் கார் ஏ.சி.யாலும் அந்தக் கிருமி வளரும் ஆபத்து இல்லை என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே சொல்கிறது. ஓட்டல் கதையைச் சொல்லி வீட்டுக்காரரைப் பயமுறுத்துவது நியாயமா?

அமெரிக்காவிலும் இதே கூத்து

ஏமாறுவது நம்ம ஊர்க்காரர் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்க வீடுகள் பலவற்றில் அறைக்கு அறை பெட்டி மாட்டுவதில்லை. ஒரே மிஷின். அதிலிருந்து தகரக் குழாய்கள் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஓடி எல்லா அறைக்கும் காற்றைக் கொண்டு போகின்றன. அந்தக் குழாயைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு பெரிய தொழிலே அங்கே நடக்கிறது. வீட்டுக்கு 450 டாலர் முதல் 1,000 டாலர் வரை செலவாகும் என்கிறது அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம்.

அதே நிறுவனம் இன்னொன்றும் சொல்கிறது. குழாயைச் சுத்தம் செய்ததால் நோய் வராமல் தடுத்ததாக இதுவரை நிரூபணமே இல்லை என்கிறது. அப்படியென்றால் எப்போது சுத்தம் செய்வது? கண்ணுக்குத் தெரிகிற அளவு பூஞ்சைக் காளான் நிறையப் படர்ந்திருந்தால் செய்யலாம். எலியோ பூச்சியோ குடி வந்திருந்தால் செய்யலாம். தூசும் குப்பையும் அடைத்து அறைக்குள் கொட்டினால் செய்யலாம். மற்றபடி வருஷா வருஷம் செய்யச் சொல்லவில்லை. உடம்புக்கு அது நல்லது, இது நல்லது என்று அள்ளி விடுகிற ஆளை அமர்த்தவே வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது.

குழாய் வேறு, பெட்டி வேறுதான். ஆனால் புத்தி ஒன்றுதான். காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதே. போனில் வருகிற குரலைக் கேட்டு முடிவு செய்யாதே. கண்ணால் பார்த்து முடிவு செய்!

எப்போது ஆளைக் கூப்பிடுவது?

அதற்காக ஏ.சி.க்கு சர்வீஸே தேவையில்லை என்று சொன்னால் அதுவும் தப்பு.

உள்பெட்டியிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும். வெளியேறுகிற பைப்பில் அழுக்கு அடைத்திருக்கும். அது கேஸ் சமாச்சாரமல்ல.

மிஷினைப் போட்டதும் ஈரத்துணி நாற்றம் அடித்தால் கூப்பிட வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சுற்றுகிற உருளையில் கறுப்பாகப் படிந்திருக்கும். மூச்சு இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. தண்ணீர் சர்வீஸ் அவசியம்.

பில்டரைக் கழுவிய பிறகும் காயிலில் தூசு அப்பியிருந்தால் கூப்பிட வேண்டும். வெளிப்பெட்டியின் முதுகில் புறா கூடு கட்டியிருந்தாலும், பஞ்சு மாதிரி அழுக்கு படிந்திருந்தாலும் கூப்பிட வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடல் ஓரத்துக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். உப்புக் காற்று வெளிப்பெட்டியின் காயிலை அரித்துத் தின்கிறது. அங்கே நிஜமாகவே ஓட்டை விழுவதுண்டு. கேஸ் போவதும் உண்டு.

குளிர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. மிஷினை ஆகக் குறைந்த டிகிரியில் வைத்துக் கால் மணி நேரம் ஓட விட வேண்டும். காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு தடவை, வெளியே வருகிற இடத்தில் ஒரு தடவை வெப்பமானியைப் பிடிக்க வேண்டும். வித்தியாசம் சுமார் 8 டிகிரிக்கு மேல் இருந்தால் "கேஸ் சுத்தமா இல்லை" என்கிற பேச்சை நம்ப வேண்டியதில்லை.

நாலு கேள்வி

கேஸ் இல்லை என்று ஆள் சொன்னால் சண்டை போட வேண்டாம். பதறவும் வேண்டாம். நாலு கேள்வி கேட்டால் போதும்.

"லீக் எங்கே இருக்கு தம்பி? காட்டு."

செம்புக் குழாய் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழ் விடும். பொடி ஓட்டையாக இருந்தால் நைட்ரஜன் அடித்துச் சோதிப்பார்கள். எப்படியானாலும் இடம் தெரிய வேண்டும்.

"மீட்டர் மட்டும் பார்த்து எப்படிச் சொல்றே?"

மீட்டர் முள் வெளியே அடிக்கிற வெயிலுக்கு ஏற்ப மாறும். பில்டர் அடைத்திருந்தால் இறங்கும். இன்வெர்ட்டர் மிஷினில் கம்ப்ரஸர் வேகத்துக்கு ஏற்பவும் மாறும். முள் மட்டும் சாட்சியாகாது.

"வேக்குவம் பம்பு கொண்டு வந்தியா?"

ஓட்டையை அடைத்த பிறகு குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கேஸ் ஏற்றினால் கம்ப்ரஸரின் ஆயுசு குறையும்.

"தராசு எங்கே?"

தகட்டில் எழுதியிருக்கிற கிராமை நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். கை அளவில் ஏற்றக் கூடாது. மளிகைக் கடையில் பருப்பு வாங்கினால் முள்ளைப் பார்க்கிறோம். ஏ.சி. கேஸுக்கு மட்டும் எதற்குக் கண்ணை மூடிக் கொள்வது?

நாலுக்கும் பதில் இருந்தால் அவர் தொழில் தெரிந்தவர். தாராளமாக வேலையைக் கொடுக்கலாம். பதில் இல்லையென்றால், "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று அனுப்பி வைக்கலாம். ஒரு ராத்திரி புழுக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

மெக்கானிக் மட்டும்தான் குற்றவாளியா?

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மெக்கானிக் தம்பி யார்? மத்தியான வெயிலில் மூணாவது மாடிச் சுவருக்கு வெளியே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக் கொண்டு, இன்னொரு கையால் நட்டு கழற்றுகிறவர். பலருக்கு இடுப்பில் பெல்ட்டு கிடையாது. பலருக்கு மாதச் சம்பளமும் கிடையாது. வீட்டுக்கு இவ்வளவு, கேஸ் ஏற்றினால் இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோல் அவர் காசு. ஆர்-32 தீப்பிடிக்கக் கூடிய கேஸ். அந்த ஆபத்தும் அவருக்குத்தான்.

நேர்மையான மெக்கானிக்குக்கு இந்த ஊரில் என்ன மரியாதை கிடைக்கிறது?

அவர் வந்து பார்க்கிறார். "ஒண்ணும் இல்லை சார். பில்டர்தான் அடைச்சிருக்கு. கழுவிட்டேன்" என்கிறார். விசிட்டிங் சார்ஜ் கேட்கிறார். உடனே வீட்டுக்காரர் முகம் மாறுகிறது.

"பத்து நிமிஷம்கூட ஆகலையே? ஒரு பார்ட்டும் மாத்தலை. இதுக்கா காசு?"

பேரம் நடக்கிறது. பாதி கொடுக்கிறார். அல்லது காப்பி கொடுத்து அனுப்பி விடுகிறார். அதே வீட்டுக்காரர், "கேஸ் போயிடுச்சு" என்று பொய் சொன்ன ஆளுக்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கொடுக்கிறார்!

உண்மையைச் சொன்னால் பட்டினி, பொய் சொன்னால் கூலி. இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? வீட்டுக்காரர்தானே!

டாக்டரிடம் போகிறோம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை, போங்கள்" என்கிறார். பீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். ஊசி போடவில்லையே என்று பீஸைக் குறைப்பதில்லை. மெக்கானிக்குக்கும் அதே நியாயம்தான். "ஒண்ணுமில்லை" என்பதும் ஒரு வேலைதான். அதைச் சொல்வதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். மனசாட்சியும் இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும்.

பில்லில் எழுதட்டும்

கம்பெனிகள் செய்ய வேண்டியதும் உண்டு. கேஸ் ஏற்றினால் எந்த கேஸ், எத்தனை கிராம், ஓட்டை எந்த இடம், எப்படி அடைத்தது என்று பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்குக் கேஸ் கணக்கில் கமிஷன் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வேலைக்கு ஒழுங்கான கூலி கொடுக்க வேண்டும். பெல்ட்டும் கயிறும் கொடுக்க வேண்டும். 'ஒரு மூட்டைச் சிமென்ட்' என்று எழுதாமல் யாராவது பில் போடுகிறார்களா? 'கேஸ் சார்ஜிங்' என்று ஒரு வரி எழுதி ஆயிரக்கணக்கில் வாங்குவது மட்டும் எப்படிச் செல்லும்?

அப்படி எழுதிக் கொடுக்காத ஆளுக்குப் பணம் கொடுக்காமல் இருக்க வீட்டுக்காரரும் பழக வேண்டும். பில்லை வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். ஏற்றிய கேஸ் நாலே மாதத்தில் போய்விட்டால் அந்தப் பில்தான் பேசும்.

ஏமாந்தவர்களுக்கு வழி அடைந்து போகவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் பில் இல்லாமல் போனால், "நீ யாருன்னே தெரியாது சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த வருஷமும் வெயில் வரும். நோட்டீஸ் வரும். குரலும் வரும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷினின் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்து விடலாம். தூசு இருந்தால் கழுவலாம். கறுப்பு இருந்தால் ஆளைக் கூப்பிடலாம். ஒன்றும் இல்லையென்றால் மூடிவிடலாம்.

வந்த ஆள் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொன்னால், அவர் கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுத்து, போன் நம்பரையும் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். அந்த நம்பர் ஒரு சிலிண்டர் கேஸைவிட விலை கூடியது!